டெக்சாஸில் வீட்டை எழுதிக் கொடுக்கிறீர்களா? வாரண்டி டீட் (உத்தரவாதப் பத்திரம்) போடுமுன் இதைப் படியுங்கள்

அண்ணனும் நானும் சேர்ந்து டாலஸ் பக்கம் ஒரு வீடு வாங்கியிருந்தோம். அண்ணன் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கே திரும்புவது என்று முடிவானதும், அவருடைய பாதிக்கு நான் பணம் கொடுத்தேன், அவர் தன் பங்கை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். இணையத்தில் கிடைத்த படிவத்தை நிரப்பினோம். ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். கவுண்டி கிளார்க் (நம் மாவட்டம் போன்ற கவுண்டியில் பத்திரம் பதிபவர்) அலுவலகத்தில் கொடுத்தோம், பதிவாகிவிட்டது. எல்லாம் அரை நாளில் முடிந்தது.

பதினாலு மாதம் கழித்து வீட்டுக் கடனை என் ஒருவன் பெயருக்கு மாற்றப் போனேன். டைட்டில் கம்பெனியில் (சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் நிறுவனம்) அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மூன்று தவறுகளைக் காட்டினார்கள். அண்ணியின் கையெழுத்து இல்லை. சொத்து விவரத்தில் மனைப்பிரிவின் பிளாக் எழுத்து தவறு. அண்ணனின் பெயர் பழைய பத்திரத்தில் ஒரு மாதிரி, இதில் வேறு மாதிரி. சரிசெய்ய நாலு மாதம் ஆனது. அதற்குள் பாங்கில் பிடித்து வைத்திருந்த வட்டி விகிதத்தின் கெடுவும் முடிந்துபோனது.

நாங்கள் ஏமாந்த இடம் ஒன்றுதான். நம் ஊரில் சார்பதிவாளர் முன்னால் நேரில் நின்று, சாட்சிகள் கையெழுத்திட்டு, ஃபோட்டோவும் கைரேகையும் எடுத்துத்தான் பத்திரம் பதிவாகும். அந்தப் பழக்கத்தில், பதிவாகிவிட்டது என்றாலே சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். டெக்சாஸில் கவுண்டி கிளார்க் பார்ப்பது தாளின் அளவு, கையெழுத்து, நோட்டரி முத்திரை, கட்டணம், இவ்வளவுதான். எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா, சொத்து விவரம் சரியா என்பதெல்லாம் அவர்கள் வேலை இல்லை. தப்பான பத்திரமும் அழகாகப் பதிவாகும்.

கீழே சொல்வதெல்லாம் டெக்சாஸுக்கு. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. உதாரணமாக ஃபுளோரிடாவில் இரண்டு சாட்சிகள் வேண்டும், பத்திர வரியும் உண்டு. டெக்சாஸில் சாட்சி தேவையில்லை, சொத்து மாற்றத்துக்கு வரியும் கிடையாது.

1. எந்தப் பத்திரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஜெனரல் வாரண்டி டீட் என்றால், எழுதிக் கொடுப்பவர் அந்தச் சொத்தின் முழு வரலாற்றுக்கும் பொறுப்பேற்கிறார். அவருக்கு முன் இருந்தவர்கள் காலத்தில் வந்த வில்லங்கமாக இருந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் வாரண்டி டீட் என்றால், தன் கையில் சொத்து இருந்த காலத்தில் தன்னால் வந்த வில்லங்கத்துக்கு மட்டும் பொறுப்பு. குவிட்கிளெய்ம் என்றால், ‘எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுக் கொடுக்கிறேன்’ என்பதோடு சரி. உரிமை இருக்கிறது என்றுகூட அது சொல்லாது.

குடும்பத்துக்குள்தானே என்று குவிட்கிளெய்ம் போடச் சொல்லுவார்கள். போடாதீர்கள். டெக்சாஸில் டைட்டில் கம்பெனிகள் அதைக் கண்டாலே தயங்கும். பின்னால் விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ மறுபடி வேறு பத்திரம் கேட்பார்கள். வாங்குகிற நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் ஜெனரல் வாரண்டி கேளுங்கள். கொடுக்கிற அண்ணனோ அப்பாவோ அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அவர் வீடு வாங்கியபோது எடுத்த ஓனர்ஸ் டைட்டில் இன்ஷூரன்ஸ் (சொந்தக்காரரின் உரிமைக்கான காப்பீடு) இருந்தால், அவர் கொடுக்கும் உத்தரவாதத்தால் வரும் பொறுப்பிலும் அது அவருக்குத் துணை நிற்கும். அந்தப் பாலிசியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

2. வீட்டின் மேல் கடன் இருந்தால் பாங்கிடம் பேசிவிட்டு வாருங்கள்

பத்திரத்தில் பெயரை எடுத்துவிட்டால் கடனிலிருந்தும் பெயர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. பத்திரம் வேறு, கடன் வேறு. அண்ணன் கோவையில் இருந்தாலும், நான் தவணை தவறினால் அடி விழுவது அவருடைய கிரெடிட்டிலும்தான்.

இன்னொன்றும் உண்டு. வீட்டைக் கைமாற்றினால் மொத்தக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் உரிமை பெரும்பாலான கடன் பத்திரங்களில் பாங்குக்கு இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டம் சில மாற்றங்களுக்கு விலக்குத் தருகிறது. கணவன் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுத்தால் அந்தக் காரணத்துக்காகக் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது அந்த விலக்கில் வராது. நாங்கள் ‘கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டது பெரிய தப்பு. பாங்க் கேட்காமல் விட்டது எங்கள் நல்ல நேரம்.

சரியான வழி, கடனை மாற்றுவதையும் பத்திரத்தையும் ஒரே நாளில், ஒரே டைட்டில் கம்பெனியில் முடிப்பது. கூட்டுச் சொந்தக்காரரின் பங்கை வாங்கக் கடன் எடுக்கிறீர்கள் என்றால், ஓவெல்டி லீன் (பங்குக்குக் கொடுக்கும் பணத்துக்கு வீட்டின் மேல் ஏற்படுத்தும் ஈடு) என்று ஒரு வழி இருக்கிறது, அதைக் கடன் தருபவரிடம் கேளுங்கள். வழக்கமான ஹோம் ஈக்விட்டி கடனில் (சொந்த வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடன்) உள்ள, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் என்ற வரம்பு அதற்குப் பொருந்தாது. இப்போதைக்குப் பழைய கடனே தொடரட்டும் என்று முடிவு செய்தால், எழுதிக் கொடுப்பவரைக் காப்பாற்ற டீட் ஆஃப் டிரஸ்ட் டு செக்யூர் அசம்ப்ஷன் என்று ஒரு துணைப் பத்திரம் போட வேண்டும். வாங்கியவர் தவணை கட்டாவிட்டால், கொடுத்தவர் வீட்டை மீட்டெடுக்க அதுதான் பிடி.

3. வீடு வாங்கியபோது பதிந்த பத்திரத்தைக் கையில் எடுங்கள்

புதுப் பத்திரத்துக்கு அடிப்படையே பழைய பத்திரம்தான். வீட்டில் காணோம் என்றால் கவுண்டி கிளார்க்கிடம் நகல் வாங்கலாம். சாதா நகல் ஒரு பக்கத்துக்கு 1 டாலர். சான்றளித்த நகல் என்றால் மேலே 5 டாலர்.

இதிலிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான விஷயம் லீகல் டிஸ்கிரிப்ஷன், அதாவது சொத்து விவரம். தெரு முகவரி அதற்கு ஈடாகாது. லாட் (மனை) எண், பிளாக், அடிஷனின் (மனைப்பிரிவின்) பெயர், எந்த கவுண்டி, எந்த மனை வரைபடத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று ஒரு பத்தி இருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, சொத்துவரிக்காக வீட்டை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தின் தளத்தில் போட்டிருக்கும் விவரம். அது சுருக்கி எழுதியது, வரி போடுவதற்காக வைத்திருப்பது. அதை எடுத்துப் பத்திரத்தில் ஒட்டாதீர்கள். இரண்டாவது, மங்கலான ஸ்கேன். எங்கள் பழைய பத்திர நகலில் பிளாக் ‘சி’ என்பது ‘ஜி’ போலத் தெரிந்தது. நான் ஜி என்று தட்டிவிட்டேன். எங்கள் அடிஷனில் ஜி பிளாக் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதே லாட் எண்ணும் இருக்கிறது. அதாவது, பதிவேட்டின்படி அண்ணன் எனக்கு எழுதிக் கொடுத்தது பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவருடைய வீட்டை. தட்டிய பிறகு இன்னொருவரை உட்கார வைத்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் விரல் வைத்துச் சரிபாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

லாட், பிளாக் எண் போன்ற சின்னத் தவறு மட்டும் என்றால் திருத்தப் பத்திரம் பதிந்து சரிசெய்ய 2011இலிருந்து டெக்சாஸ் சட்டத்தில் வழி இருக்கிறது. பெரிய மாற்றம் என்றால் பழைய பத்திரத்தில் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் மறுபடி கையெழுத்திட வேண்டும்.

4. பெயர்: நம்மவர்களுக்கு இது தனிப் பிரச்சினை

அண்ணன் வீடு வாங்கியபோது அவர் டிரைவிங் லைசன்ஸில் இருந்தது இனிஷியலும் பெயரும். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது இனிஷியலை விரித்து, அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போய்விட்டது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். பதிவேட்டில் தேடுபவருக்கு அவர்கள் இரண்டு பேர். பெயரைக் கடைசிப் பெயர் வாரியாகத்தான் தேடுவார்கள். அதனால் அண்ணன் வாங்கிய பத்திரமும் கொடுத்த பத்திரமும் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

இப்படிச் செய்யுங்கள். எழுதிக் கொடுப்பவரின் பெயரை வாங்கிய பத்திரத்தில் இருப்பது போலவே முதலில் எழுதி, அதன் பின் ‘என்றும் அழைக்கப்படும்’ என்று பொருள்படும் ஏ.கே.ஏ. சேர்த்து, இப்போதைய அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் எழுதுங்கள். கையெழுத்துக்குக் கீழே தட்டச்சில் பெயர் இருக்க வேண்டும். நோட்டரி வாசகத்திலும் அதே பெயர்தான். எழுதி வாங்கும் உங்கள் பெயரை, பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே போடுங்கள். பின்னால் விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

5. கணவன் பெயரில் மட்டும் வீடு இருந்தாலும் மனைவி கையெழுத்து வேண்டும்

இதை மட்டுமாவது மறக்காதீர்கள். அந்த வீட்டில் குடும்பமாகக் குடியிருந்தால் அது டெக்சாஸ் சட்டப்படி ஹோம்ஸ்டெட், அதாவது தனிப் பாதுகாப்புள்ள குடியிருப்பு வீடு. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், அது திருமணத்துக்கு முன் வாங்கியதாகவே இருந்தாலும், கணவன் மனைவி இருவரும் கையெழுத்திடாமல் எழுதிக் கொடுக்க முடியாது. மனைவி வீட்டைக் கொடுத்தால் கணவர் கையெழுத்துக்கும் இதே விதிதான். குடியிருக்காத வீடாக இருந்தாலும், திருமணத்துக்குப் பின் வாங்கியது பெரும்பாலும் இருவருக்கும் பொதுச் சொத்துதான், இருவரையுமே கையெழுத்திட வைப்பது நல்லது.

அண்ணி அன்றைக்கு வீட்டிலேயேதான் இருந்தார். ‘நானும் வரணுமா?’ என்று கேட்கவும் செய்தார். ‘பெயர் உங்க பெயரில் இல்லையே அண்ணி’ என்று நான்தான் சொன்னேன். அவர் அன்றைக்கு எங்களோடு காரில் ஏறியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

எழுதிக் கொடுப்பவர் திருமணமானவரா, ஆகாதவரா, துணையை இழந்தவரா என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது இல்லையென்றால் அந்தக் கேள்வி பிற்பாடு எப்போதாவது வரும்.

6. பத்திரத்தை எழுதுவது

டெக்சாஸில் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குப் பத்திரம் எழுதித் தர வக்கீலுக்குத்தான் அனுமதி. பத்திர எழுத்தர் என்று இங்கே யாரும் கிடையாது. உங்கள் பத்திரத்தை நீங்களே எழுதலாம், ஆனால் நான் பட்டதற்குப் பின் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் இரண்டாம் முறை வக்கீலுக்குக் கொடுத்தது 450 டாலர். முதல் முறையே அவரிடம் போயிருந்தால், இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும் என்று அவரே சொன்னார்.

வக்கீல் எழுதினாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை:

- முதல் பக்கத்தின் உச்சியில், தனிப்பட்ட எண்களை நீக்கும் உரிமை பற்றிய அறிவிப்பு கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண், லைசன்ஸ் எண் எதையும் பத்திரத்தில் போடாதீர்கள். பதிந்த பத்திரத்தை யாரும் பார்க்கலாம்.
- எழுதி வாங்குபவரின் அஞ்சல் முகவரி. இல்லையென்றால் பதிவின்போது கூடுதல் கட்டணம்.
- விலை. முழுத் தொகையைப் போட வேண்டியதில்லை. ‘10 டாலரும் மதிப்புள்ள பிற ஈடும்’ என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். பார்த்துவிட்டு ‘10 டாலர்தானா’ என்று பதற வேண்டாம்.
- எந்தப் பங்கு மாறுகிறது என்பது. பாதி என்றால் பாதி என்று எழுத வேண்டும்.
- உத்தரவாதத்துக்கு விலக்குகள். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டுப்பாடுகள், மின்கம்பி, குழாய் போக விட்ட ஈஸ்மென்ட் (வழி உரிமை), நடப்பு வருடச் சொத்துவரி, இருக்கும் கடன் ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். எழுதாமல் விட்டால், அவையெல்லாம் இல்லை என்று கொடுப்பவர் உறுதி சொன்னதாக ஆகிவிடும்.

7. கையெழுத்துக்கு முன் வரியைப் பாருங்கள்

பணம் வாங்காமல் கொடுத்தால் அது அன்பளிப்பு. 2025இல் ஒருவருக்கு 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால், கொடுத்தவர் அடுத்த ஏப்ரலுக்குள் ஃபார்ம் 709 என்ற அன்பளிப்பு வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலும் வரி கட்ட வேண்டி வராது, கணக்குக் காட்டினால் போதும். மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர் என்றால் அவருக்கு எழுதி வைப்பதில் வரம்பில்லாத விலக்கு கிடையாது, 2025க்கு 1,90,000 டாலர்தான். கிரீன் கார்டில் இருக்கும் நம் குடும்பங்கள் பல இதைத் தெரியாமலே எழுதிவிடுகின்றன.

இன்னொரு ஆபத்து ஊர் திரும்புகிறவர்களுக்கு. வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக ஆன பிறகு விற்றால், வாங்குபவர் பொதுவாக விலையில் 15 சதவீதம் பிடித்து 20 நாளுக்குள் ஐ.ஆர்.எஸ்.க்கு (அமெரிக்க வரித் துறை) கட்ட வேண்டும். விலை 3,00,000 டாலருக்குள் இருந்து வாங்குபவர் அங்கேயே குடியிருக்கப் போகிறார் என்றால் விலக்கு உண்டு. பிடிக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும், அதாவது தம்பி தலையில். ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே பத்திரத்தை முடியுங்கள். கொடுப்பவரிடம், தான் வெளிநாட்டவர் இல்லை என்ற உறுதிமொழியையும் வாங்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

8. நோட்டரி முன்னால் கையெழுத்து

உள்ளூரில் இருந்தால் எளிது. டெக்சாஸ் நோட்டரி முதல் கையெழுத்துக்கு 10 டாலர் வரை, அதே பத்திரத்தில் அடுத்த ஒவ்வொரு கையெழுத்துக்கும் 1 டாலர் வாங்கலாம். காலாவதியாகாத அடையாள அட்டை வேண்டும். எழுதிக் கொடுப்பவர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும்.

கொடுப்பவர் இந்தியாவில் இருந்தால்தான் சிரமம். ஆன்லைன் நோட்டரி டெக்சாஸில் 2018 ஜூலையிலிருந்து செல்லும். தவறைச் சரிசெய்யும்போது நாங்கள் முதலில் அதைத்தான் செய்து பார்த்தோம். கேமராவில் பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகு, அமெரிக்கக் கடன் வரலாற்றிலிருந்து கேள்விகள் வரும்: முன்பு எந்த முகவரியில் இருந்தீர்கள், கார் கடன் எந்த வருடம் எடுத்தீர்கள் என்று. அண்ணன் பதில் சொல்லிவிட்டார். அண்ணி டிபென்டென்ட் விசாவிலேயே இருந்தவர், சோஷியல் செக்யூரிட்டி எண்ணே கிடையாது. கேட்க அவர் பெயரில் ஒரு கேள்வியும் இல்லை என்று கணினி நின்றுவிட்டது. கோவையில் ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பிப் பார்த்தோம், டைட்டில் கம்பெனி ஏற்கவில்லை.

கடைசியில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம்தான். அப்பாயின்ட்மென்ட் ஆன்லைனில் எடுக்க வேண்டும், ஒவ்வொரு முத்திரைக்கும் 50 டாலர். இருவரும் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் சென்னை இறங்கி, ஜெமினி பாலத்துப் பக்கம் போய் நின்றார்கள். அண்ணி பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம், மடங்கிவிடக் கூடாது என்று. மறக்காதீர்கள், வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகக் கூடாது, அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். அப்புறம் மூலத்தை கூரியரில் அனுப்ப வேண்டும், நகலை வைத்துப் பதிய முடியாது.

இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால், இந்தச் சொத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பவர் ஆஃப் அட்டர்னி ஒன்றை, கணவன் மனைவி இருவருமே, நம்பிக்கையான ஒருவருக்கு எழுதிவிட்டுப் போங்கள். டீடோடு அதையும் பதிய வேண்டியிருக்கும், எனவே மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

9. பதிவு

சொத்து எந்த கவுண்டியில் இருக்கிறதோ அங்கேதான். முதல் பக்கத்துக்கு 25 டாலர் அளவில், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலர். எங்கள் மூன்று பக்கப் பத்திரத்துக்கு 33 டாலர் ஆனது. நேரில் போனால் அன்றைக்கே பதிவு எண் கிடைத்துவிடும். ஃபோட்டோ அடையாள அட்டை எடுத்துப் போங்கள்.

பதியாவிட்டாலும் உங்கள் இருவருக்குள் பத்திரம் செல்லும். ஆனால் விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளுக்கு எதிராகச் செல்லாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று பீரோவில் வைக்காதீர்கள்.

10. பதிந்த பிறகு

சில வாரங்களில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் பெயர் மாறும். மாறியதும், குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரியில் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்குப் புதிதாக ஃபார்ம் 50-114 போடுங்கள். ஏப்ரல் 30 கெடு, கட்டணம் இல்லை. பள்ளி வரியில் மட்டும் வீட்டின் மதிப்பில் 1,40,000 டாலர் கழிகிறது என்பதால் விடக் கூடாது. வீட்டு இன்ஷூரன்ஸ், எச்.ஓ.ஏ. இரண்டிலும் பெயரை மாற்றுங்கள். அண்ணன் பெயரிலேயே இன்ஷூரன்ஸ் இருந்து கூரை ஒழுகினால் பணம் வாங்குவது பெரும்பாடு.

பதிந்த சில நாளில் அரசுக் கடிதம் போலவே ஒன்று தபாலில் வரும். ‘உங்கள் பத்திரத்தின் சான்றளித்த நகலுக்கு 90 டாலருக்கு மேல் கட்டுங்கள்’ என்று தேதி போட்டுக் கேட்டிருக்கும். கட்ட வேண்டாம். பதிந்த மூலம் உங்களுக்கே திரும்பி வரும், அதே நகல் வேண்டுமென்றால் கிளார்க்கிடம் 10 டாலருக்குள் கிடைக்கும். எனக்கு அப்படி இரண்டு கடிதங்கள் வந்தன.